தொழில்முறை மடிக்கணினிக்கு இரட்டிப்பு விலை தரலாமா? வடசென்னையில் முதன்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரே பிராசஸர், 16 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. என்று விவர அட்டையில் எழுதியிருக்கும் இரண்டு மடிக்கணினிகளில் ஒன்று 60,000 ரூபாய்க்கும் மற்றொன்று 1,20,000 ரூபாய்க்கும் விற்கப்படுவதைப் பார்த்தால், முதன்முறையாக வாங்கப் போகும் எவரும் குழம்பத்தான் செய்வார்கள். விலை அதிகமான இயந்திரம் பார்வைக்கும் பகட்டாக இருக்காது. கறுப்போ சாம்பலோ பூசிய, அலங்காரமில்லாத ஒரு பெட்டியாகவே இருக்கும். அந்தக் கூடுதல் 60,000 ரூபாய் வேகத்துக்காகத் தரப்படுவது அல்ல என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதில் ஒரு பகுதி, இயந்திரம் பல ஆண்டுகள் உழைப்பதற்கும் பழுதானால் விரைவில் சரிசெய்யப்படுவதற்குமான விலை. மறுபகுதி, ஆயிரக்கணக்கான கணினிகளைப் பராமரிக்கும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே பயன்படும் வசதிகளுக்கான விலை. முதல் பகுதி தேவைப்படுகிறவர்கள் வடசென்னையில் நிறையவே இருக்கிறார்கள். இரண்டாவது பகுதிக்குத் தனிமனிதர் எவரும் பணம் தர வேண்டியதில்லை. அதனால்தான், புதிதாகப் பெட்டியில் வரும் தொழில்முறை மடிக்கணினியைச் சிலருக்கு மட்டுமே பரிந்துரைக்கலாம் என்பதும், அதே இயந்திரம் மூன்று நான்கு ஆண்டு கழித்து இரண்டாம் கைக்கு வரும்போது பலருக்கும் பொருந்தும் என்பதும் என் கருத்து.

தொழில்முறை மடிக்கணினி என்று இங்கே சொல்லப்படுவது லெனோவோவின் திங்க்பேட், எச்.பி.யின் எலைட்புக், புரோபுக், டெல்லின் லேட்டிட்யூட் ஆகிய வரிசைகளையும், பொறியியல் வேலைகளுக்கென வரும் டெல் பிரிசிஷன், எச்.பி. இசட்புக், திங்க்பேட் பி வரிசை போன்றவற்றையும்தான். டெல் நிறுவனம் 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லேட்டிட்யூட், பிரிசிஷன் என்ற பெயர்களை விட்டுவிட்டு டெல் ப்ரோ, டெல் ப்ரோ மேக்ஸ் என்று மாற்றிக்கொண்டதால், புதியவற்றில் பழைய பெயரைத் தேடி ஏமாற வேண்டாம். ஐடியாபேட், பெவிலியன், இன்ஸ்பிரான், விவோபுக் ஆகியவை வீட்டு உபயோக வரிசைகள். ஆப்பிள் இப்படிப் பிரிப்பதில்லை. மேக்புக் ப்ரோ என்ற பெயரிலுள்ள ப்ரோ, திங்க்பேட் போன்ற அலுவலக இயந்திரத்தைக் குறிப்பது அல்ல.

முதல் படி: ஒரு நாள் வேலை நின்றால் என்ன நட்டம் என்று கணக்குப் போடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது இது. உங்கள் மடிக்கணினி ஒரு நாள் முழுவதும் இயங்காமல் போனால் உங்களுக்கு எவ்வளவு பணம் நட்டமாகும் என்று தாளில் எழுதுங்கள். கல்லூரி மாணவருக்கு அந்தத் தொகை பெரும்பாலும் பூஜ்யம்தான். நண்பரின் கணினியிலோ கல்லூரி ஆய்வகத்திலோ அன்றைய வேலையை முடித்துவிடலாம். மண்ணடியிலோ தம்புச் செட்டித் தெருவிலோ சுங்கத் தரகு அலுவலகம் நடத்துபவரின் நிலை வேறு. இறக்குமதிச் சரக்கின் விவரங்களைச் சுங்கத்துறைக்குத் தெரிவிக்கும் பில் ஆஃப் என்ட்ரி படிவத்தைத் தாமதமாகத் தாக்கல் செய்தால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் கட்டணம் விதிக்கப்படும். துறைமுகத்தில் கன்டெய்னர் தேங்குவதற்கான வாடகை அதற்கு மேல் தனி. எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவருக்கோ ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாட்களான மாதத்தின் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் மட்டுமே உயிர்போகும் நாட்கள். மற்ற நாட்களில் கணினி படுத்தாலும் சமாளித்துவிடலாம்.

அடுத்து, விலையை ஆண்டுக் கணக்கில் பிரித்துப் பாருங்கள். 60,000 ரூபாய் மடிக்கணினி நான்கு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 15,000 ரூபாய் ஆகிறது. 1,20,000 ரூபாய் மடிக்கணினியை ஆறு ஆண்டு வைத்திருந்தால் ஆண்டுக்கு 20,000 ரூபாய். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆண்டுக்கு 5,000 ரூபாய்தான். நாளொன்றுக்கு 1,500 ரூபாய் சம்பாதிப்பவருக்கு அது மூன்றரை நாள் வருமானத்துக்குச் சற்றுக் குறைவு. ஆண்டில் நான்கு நாளாவது வேலை நிற்காமல் அந்த இயந்திரம் காப்பாற்றினால் கணக்கு நேராகிவிடும். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஆறு ஆண்டும் அதே இயந்திரத்தை வைத்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டே புதிய மாடலைப் பார்த்து மனம் மாறுகிறவருக்கு ஆண்டுச் செலவு 40,000 ரூபாயாகிவிடும், விற்கும்போது கிடைப்பதைக் கழித்துக்கொண்டாலும் அது கட்டுப்படியாகாது. பொருளை நீண்ட நாள் வைத்து ஆள்பவரா, அடிக்கடி மாற்றுபவரா என்பதை உங்கள் கைப்பேசி வாங்கிய வரலாற்றைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

28,000 ரூபாய்க்குப் பழைய எலைட்புக் ஒன்றை வாங்கி, 4,000 ரூபாய்க்கு பேட்டரி மாற்றி, நான்கு ஆண்டு ஓட்டினால் ஆண்டுக்கு 8,000 ரூபாய்தான் ஆகும். இந்த மூன்றாவது கணக்கையும் அதே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் நீங்கள் கேட்டறிந்த விலையை வைத்தே கணக்கிடுங்கள். முறை மட்டும் இதுதான்.

இரண்டாம் படி: கூடுதல் விலை எதற்குப் போகிறது என்று பிரித்துப் பாருங்கள்

பயனுள்ள பகுதியை முதலில் சொல்லிவிடலாம். தொழில்முறை வரிசையில் மூடியைத் தாங்கும் கீல்கள் உலோகச் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். மலிவான மடிக்கணினிகளில் அதே கீல் பிளாஸ்டிக் உடலில் பதித்த சிறிய பித்தளைத் திருகுத்துளைகளை நம்பி நிற்கும். இரண்டு மூன்று ஆண்டில் கீல் இறுகி, மூடியைத் திறக்கும்போது அந்தப் பிளாஸ்டிக் பிளந்து, திரையின் ஓரம் வாயைப் பிளந்துகொள்ளும். தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எந்தப் பழுது பார்க்கும் கடையில் கேட்டாலும், வீட்டு உபயோக மடிக்கணினிகளில் திரும்பத் திரும்ப வரும் பழுது இதுவென்றே சொல்வார்கள். விசைப்பலகையிலும் இதே வேறுபாடு உண்டு. திங்க்பேட் வரிசையில் பலவற்றின் விசைப்பலகைக்கடியில் நீர் வடியும் துளைகள் இருக்கும். டீ கொட்டினால் மதர்போர்டைத் தொடாமல் அடிப்பக்கம் வழிந்துவிட ஓரளவு வாய்ப்பு உண்டு.

உதிரிப் பாகங்களும் பழுது நீக்கும் கையேடும் கிடைப்பது அடுத்த நன்மை. எந்தத் திருகை முதலில் கழற்ற வேண்டும் என்பது வரை படத்துடன் விளக்கும் பராமரிப்புக் கையேடுகளை இந்த மூன்று நிறுவனங்களும் தொழில்முறை வரிசைகளுக்கு இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. ஒரே மாடலை நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கியிருப்பதால், ஐந்தாறு ஆண்டு கழித்தும் விசைப்பலகை, கீல், திரை, பேட்டரி எல்லாம் ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். வீட்டு உபயோக வரிசையில் ஒரு மாடலின் பெயர் அடுத்த ஆண்டே மாறிவிடுகிறது. நான்காம் ஆண்டில் அதற்கு விசைப்பலகை தேடுவது பெரும்பாடு.

மூன்றாவது, வீட்டுக்கே வந்து பழுது நீக்கும் வாரண்டி. வீட்டு உபயோக வரிசையில் பல மாடல்களுக்கு இயந்திரத்தைச் சேவை மையத்துக்கு நாமே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். தொழில்முறை வரிசையில் பொறியாளர் பாகத்துடன் வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ வருவார். அடுத்த வேலைநாளுக்குள் வர வேண்டும் என்ற ஒப்பந்தமும் வாங்கலாம். ஆனால் இந்தச் சேவை எல்லாப் பகுதிக்கும் ஒரே வேகத்தில் கிடைப்பதில்லை. உங்கள் அஞ்சல் குறியீட்டெண் 600019 ஆனாலும் 600057 ஆனாலும், அந்த எண்ணைச் சொல்லி அடுத்த வேலைநாள் சேவை அங்கே உண்டா என்று வாங்கும் முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சென்னை முழுவதும் உண்டு என்று விற்பனையாளர் வாயால் சொல்வது எண்ணூருக்கும் சேர்த்துத்தானா என்பது பழுதான அன்றுதான் தெரியவரும்.

இனிப் பயனற்ற பகுதி. தொலைவிலிருந்தே கணினியை நிர்வகிக்க உதவும் வி-ப்ரோ வசதி, அடையாள அட்டையைச் செருகும் ஸ்மார்ட் கார்டு துளை போன்றவை நிறுவனங்களின் கணினிப் பிரிவுக்கானவை. வீட்டில் அவற்றை ஒருநாளும் தொடமாட்டீர்கள். பிரிசிஷன், இசட்புக் போன்றவற்றில் மென்பொருள் நிறுவனங்கள் சோதித்துத் தரும் சான்றுக்கும் விலை உண்டு. சாலிட்வொர்க்ஸ் போன்றவற்றில் பெரிய வரைபடங்களை நாள் முழுவதும் கையாளுபவருக்கு அது பயன்படும், மற்றவருக்கு அது வெறும் எழுத்து. இன்னொன்றும் உண்டு: பெரிய நிறுவனங்கள் மொத்தமாகப் பேரம் பேசித் தள்ளுபடியில் வாங்குகின்றன. தனியாளாகப் போய் ஒன்றே ஒன்று வாங்குகிறவர்தான் பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மிக அருகில் பணம் கட்டுகிறார்.

ராணுவத் தரச் சோதனையில் தேறியது என்ற விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் கடைகளில் அதிகம் உச்சரிக்கப்படுவது அதுதான். மில்-எஸ்.டி.டி.-810 என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட சோதனை முறைகளின் தொகுப்பு. அதிர்ச்சி, ஈரப்பதம், மணலும் தூசியும், உப்புப் பனி என்று அதில் பல முறைகள் இருக்கின்றன. எந்த முறையில் சோதிப்பது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்தெடுக்கிறார், ராணுவம் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. காசிமேட்டிலோ திருவொற்றியூர்க் கடற்கரைச் சாலையிலோ வசிப்பவருக்கு அந்தத் தொகுப்பில் உண்மையிலேயே தேவைப்படுவது 509ஆம் எண்ணுள்ள உப்புப் பனிச் சோதனைதான். வாங்க நினைக்கும் மாடலின் விவரத்தாளில் அந்தச் சோதனை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், பலவற்றில் இருக்காது. இப்போது இதே விளம்பரம் வீட்டு உபயோக வரிசைகளிலும் ஒட்டப்படுவதால், இதற்கென்று கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

மூன்றாம் படி: உங்கள் வேலைக்கு எது பொருந்தும் என்று முடிவு செய்யுங்கள்

பாடம் படிக்க, ஆவணம் தயாரிக்க, இணைய வகுப்பில் அமர என்று வாங்கும் தியாகராயா கல்லூரி, பாரதி மகளிர் கல்லூரி மாணவர்களுக்குப் புதிய தொழில்முறை மடிக்கணினி வீண் செலவு. அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியதிலிருந்து அதில் கிடைத்த எளிய இயந்திரங்களை வைத்தே பட்டம் முடித்தவர்கள் இப்பகுதியில் ஏராளம்.

கணக்காளர்களும் சுங்கத் தரகர்களும் வேகத்தைவிட இணைப்புத் துளைகளைக் கவனிக்க வேண்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பிரின்டர், பெரிய திரை, சில அலுவலகங்களில் நேரடி வயர் இணைய இணைப்பு என்று நான்கைந்து பொருள்களை ஒரே நேரத்தில் செருக வேண்டியிருக்கும். கையொப்ப டோக்கன்களில் பெரும்பாலானவை பழைய அகல யு.எஸ்.பி. துளைக்குத்தான் பொருந்தும். மிக மெலிதான, விலை உயர்ந்த மாடல்கள் பலவற்றில் அந்தத் துளை ஒன்றுதான் இருக்கும், மேக்புக்கில் ஒன்றுகூட இருக்காது. டேலி பிரைம் விண்டோஸுக்கென எழுதப்பட்ட மென்பொருள் என்பதால், கணக்கு வேலைக்கு மேக்புக் வாங்குவது தேவையற்ற சுற்றுவழி. இவர்களுக்குச் சற்றுத் தடிமனான திங்க்பேட் எல் அல்லது டி வரிசையோ, புரோபுக்கோ மிகப் பொருத்தமானது. ஒரு நாள் நின்றால் ஆயிரக்கணக்கில் நட்டமாகும் அலுவலகம் என்றால் புதிதாக, மூன்றாண்டு வீட்டுச் சேவை வாரண்டியுடன் வாங்கலாம். நான் தயக்கமின்றிப் பரிந்துரைக்கும் ஒரே கூட்டம் இதுதான்.

திருமண வீடியோ தொகுப்பவர்கள் இந்த வரிசைகளின் பக்கமே போக வேண்டாம். மெலிதான தொழில்முறை மடிக்கணினிகளில் இருப்பது பெரும்பாலும் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும் யு வகைப் பிராசஸர். தனி கிராபிக்ஸ் அட்டையும் இருக்காது. பெரம்பூரில் ஸ்டுடியோ வைத்திருப்பவர் ஒன்றரை லட்சம் கொடுத்து எலைட்புக் வாங்குவதைவிட, அதைவிடக் குறைந்த விலையில், வேகம் கூடிய எச் வகைப் பிராசஸரும் தனி கிராபிக்ஸும் உள்ள கேமிங் மடிக்கணினி வாங்கினால் வேலை விரைவாக முடியும். சத்தமும் எடையும் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். மணலியிலும் எண்ணூரிலும் ஆலைகளில் பணிபுரியும் பொறியாளர்கள், தங்கள் மென்பொருளுக்கு எந்த கிராபிக்ஸ் அட்டை பரிந்துரைக்கப்படுகிறது என்பதை அந்த மென்பொருள் நிறுவனத்தின் பட்டியலில் பார்த்த பிறகே விலை கேட்க வேண்டும்.

நான்காம் படி: மாடல் பெயரோடு நின்றுவிடாமல் உள்ளமைப்பைப் பாருங்கள்

ஒரே மாடல் பெயரில் பல திரைகள் விற்கப்படுகின்றன. லட்சத்தைத் தாண்டும் தொழில்முறை மடிக்கணினியிலும் அடிப்படைத் திரை 250 நிட்ஸ் வெளிச்சமும் மங்கலான நிறமும் கொண்டதாக இருப்பது உண்டு. விவரத்தாளில் 45 சதவீதம் என்.டி.எஸ்.சி. என்று எழுதியிருந்தால் அது அந்த மங்கலான திரை. 100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி. என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டதா, தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதா என்பதையும் கேளுங்கள். ஆறு ஆண்டு வைத்திருக்கும் எண்ணத்தில் வாங்கும் இயந்திரத்தில் ரேமைக் கூட்ட முடியாமல் போனால், அந்த ஆறு ஆண்டுக் கணக்கே பொய்த்துவிடும். பற்றவைக்கப்பட்டதுதான் என்றால் முதலிலேயே 16 ஜி.பி.க்குக் குறையாமல் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஐ7 என்றாலே ஐ5ஐவிட மேல் என்று நினைப்பதும் தவறு. இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ7-7600யு பிராசஸரில் கோர்கள் எனப்படும் கணக்கிடும் பகுதிகள் இரண்டுதான். அடுத்த தலைமுறை ஐ5-8250யு பிராசஸரில் நான்கு கோர்கள். பழைய இயந்திரம் வாங்கும்போது இந்தத் தலைமுறை எண்தான் எல்லாவற்றையும்விட முக்கியம், அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இயங்க எட்டாம் தலைமுறை இன்டெல்லோ அதற்குப் பிந்தியதோ, ஏ.எம்.டி. மடிக்கணினி என்றால் ரைசன் 3000 வரிசையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஆகவே திங்க்பேட்டில் டி480, எச்.பி.யில் எலைட்புக் 840 ஜி5, டெல்லில் லேட்டிட்யூட் 7490 ஆகியவற்றைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கும் முந்திய மாடல் பத்தாயிரத்துக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம்; அதில் வங்கிக் கணக்கைத் திறப்பதே இனி ஆபத்து.

ஐந்தாம் படி: பழையதை வாங்குவதென்றால் கடையிலேயே சோதியுங்கள்

விம்கோ நகரிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ மெட்ரோவின் நீல வழித்தடத்தில் ஏறினால் வண்டி மாறாமலேயே அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து ரிச்சி தெரு நடை தூரம். ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் மாடிப்படி ஏறினால், நிறுவனங்கள் குத்தகைக் காலம் முடிந்து திருப்பிக் கொடுத்த மடிக்கணினிகள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கும். வேலைநாளில், முற்பகலில் போவது நல்லது. கூட்டம் ஏறிய மாலையில் யாரும் உங்களை அரைமணி நேரம் இயந்திரத்தோடு உட்கார விடமாட்டார்கள். "கம்பெனி பீஸ் சார், கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்று கடைக்காரர் சொல்வார். "எடுத்துக்கிறேன்ணே, ஒரு அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்துட்டு எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார்; மறுத்தால் அடுத்த மாடிப்படிக்குப் போய்விடலாம்.

இயந்திரத்தை முதலில் கவிழ்த்து வைத்து அடிப்பக்கத் திருகுகளைப் பாருங்கள். திருகின் தலை தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால் அதைப் பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். பழுப்பேறியிருந்தால் ஈரத்திலோ உப்புக்காற்றிலோ இருந்திருக்கிறது. யு.எஸ்.பி. துளைகளின் உள்ளே கைப்பேசி வெளிச்சத்தை அடித்து, உலோக நாக்கில் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பச்சை தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த இயந்திரம் வேண்டாம், ஏனெனில் வெளியே தெரியும் அரிப்பு மதர்போர்டுக்குள்ளும் இருக்கும். பிறகு மூடியைப் பாதி திறந்து நிறுத்தி, மேசையை லேசாகத் தட்டுங்கள். திரை ஆடிக்கொண்டே இருந்தால் கீல் தளர்ந்துவிட்டது. விசைப்பலகையில் ஸ்பேஸ் பார் மட்டும் பளபளப்பாக இருந்தால் அது சாதாரணத் தேய்மானம். எல்லா விசையும் புத்தம் புதிதாக இருந்து, கைவைக்கும் இடம் மட்டும் தேய்ந்திருந்தால் விசைப்பலகை மாற்றப்பட்டது; ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள், நீர் கொட்டியிருக்கக்கூடும்.

இயந்திரத்தைப் போட்டவுடன், விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் செல்லுங்கள். திங்க்பேட்டில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்.பி.யில் எஃப்10 விசையை அழுத்தினால் திறக்கும். அங்கே கடவுச்சொல் கேட்டால் வாங்கவே கூடாது. பழைய நிறுவனம் போட்ட பூட்டு அது. எடுத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பயாஸில் காட்டும் வரிசை எண்ணும் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால் மதர்போர்டோ அடிப்பாகமோ வேறொன்றிலிருந்து வந்தது. அந்த எண்ணை உங்கள் கைப்பேசியிலேயே நிறுவனத்தின் தளத்தில் பதிந்தால், வாரண்டி எந்தத் தேதி வரை, எந்த நாட்டுக்கு உரியது என்பது தெரிந்துவிடும்.

அடுத்த சோதனையைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸைப் புதிதாக நிறுவி, உங்கள் கைப்பேசி இணையத்தில் இணைத்து, முதல் தொடக்கத் திரையை உங்கள் கண்முன்னே ஓட்டச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அந்த நிறுவன மின்னஞ்சலைக் கேட்டால், அந்த இயந்திரம் இன்னும் அவர்களின் பதிவேட்டிலிருந்து நீக்கப்படவில்லை. இணையம் இல்லாமல் கடையில் நிறுவியிருந்தால் இந்தச் சிக்கல் தெரியாது. பின்னொரு நாள் விண்டோஸைத் திரும்ப நிறுவும்போதுதான் முளைக்கும். பழைய மேக்புக் என்றால் முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டுவிட்டதா என்பதை இதே முறையில் உறுதிசெய்ய வேண்டும்.

பேட்டரியைப் பொறுத்தவரை, விண்டோஸ் தானே ஓர் அறிக்கை தயாரித்துத் தரும். கடையில் கேட்டால் கட்டளைத் திரையில் எடுத்துக் காட்டுவார்கள். தயாரிக்கப்பட்டபோதிருந்த கொள்ளளவும் இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவும் அதில் அருகருகே இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். பேட்டரி புத்தம் புதிது போல நூறு சதவீதம் காட்டினாலும் மகிழ வேண்டாம். ஐந்தாண்டுப் பழைய இயந்திரத்தில் அப்படிக் காட்டினால் மாற்றுப் பேட்டரி போட்டிருக்கிறார்கள், அது எந்தத் தயாரிப்பு என்று கேட்க வேண்டும். கடைசியாக, யூடியூபில் நீண்ட காணொளி ஒன்றை உச்சத் தெளிவில் இருபது நிமிடம் ஓடவிட்டு, காற்று வெளியேறும் பக்கவாட்டுத் துளையருகே கையை வையுங்கள். சூடான காற்று சீராக வர வேண்டும். விசிறி சத்தமிட்டும் காற்று வரவில்லை என்றால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது. சுத்தம் செய்து தரச் சொல்லி, மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

ஆறாம் படி: பில், வரி, தவணை

வரிசை எண் எழுதப்பட்ட பில் இல்லாமல் எந்தப் பழைய மடிக்கணினியையும் வாங்காதீர்கள். காணாமல்போன கைப்பேசியை ஐ.எம்.இ.ஐ. எண்ணால் சரிபார்க்க அரசின் தளம் இருக்கிறது. மடிக்கணினிக்கு அப்படி ஒன்று இல்லை. திருட்டுப் பொருள் என்று பின்னர் தெரியவந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்தத் தாள்தான். புதிதாக வாங்குவோர் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்டுகிறார்கள், நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வணிகர் என்றால் உங்கள் எண்ணைப் பில்லில் போடச் சொல்லி அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். வருமான வரியில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டவும் இடமுண்டு. முறையாகக் கணக்கு எழுதும் அலுவலகத்துக்கு விலை உயர்ந்த இயந்திரத்தின் உண்மைச் செலவு, மாதச் சம்பளக்காரருக்கு ஆவதைவிடக் கணிசமாகக் குறைவது இதனால்தான்.

வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும், கடன் அட்டைத் தவணையில் நடைமுறைக் கட்டணமும், வங்கி கணக்கில் காட்டும் வட்டித் தொகையின் மீது ஜி.எஸ்.டி.யும் பெரும்பாலும் சேரும். ரொக்க விலை எவ்வளவு என்று தனியாகக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். விபத்துச் சேதக் காப்பு வாங்குவதாக இருந்தால் விலக்குகள் பகுதியை வரிவரியாகப் படிக்க வேண்டும். டீ கொட்டுவதற்கும் கைதவறி விழுவதற்கும் தரப்படும் காப்பு, வெள்ளத்தைப் பெரும்பாலும் விலக்கியிருக்கும். 2015, 2023 டிசம்பர் மழைகளைப் பார்த்த வியாசர்பாடி, கொடுங்கையூர் தரைத்தள வீட்டுக்காரர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்த முதல் வாரம்

சார்ஜரின் மூன்றாவது முனையை மடக்கியோ, இரண்டு முனை மாற்றியைச் செருகியோ பயன்படுத்த வேண்டாம். உலோக உடல் கொண்ட மடிக்கணினியில் எர்த் இணைப்பு இல்லையென்றால், சார்ஜ் ஏறும்போது கைவைக்கும் இடத்தில் மெல்லிய கூச்சம் போன்ற அதிர்வு தெரியும். இராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் எர்த் வயரே இழுக்கப்பட்டிருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து ஒரு பிளக்குக்காவது எர்த் போடச் சொல்லுங்கள்.

பெரும்பாலான மடிக்கணினிகள் சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி வரைக்கும்தான் வடிவமைக்கப்படுகின்றன. இதில் விலை உயர்ந்ததும் விதிவிலக்கு அல்ல. கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் நடுப்பகல் வெப்பம் அதைத் தாண்டிவிடும் என்பதால், கனமான வேலைகளை இரவுக்குத் தள்ளுவதும், மெத்தையின்மேல் வைக்காமல் மேசையில் வைப்பதும் அவசியம். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் இயந்திரம் என்றால் பேட்டரி 80 சதவீதத்தோடு நிற்குமாறு அமைத்துவிடுங்கள். லெனோவோ, டெல் இரண்டிலும் அவற்றின் சொந்த மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது, எச்.பி. தொழில்முறை வரிசையில் பயாஸிலேயே இருக்கும். கடலோரத் தெருக்களிலும், நிலக்கரித் தூசி படியும் எண்ணூர்ப் பக்கத்திலும் இருப்பவர்கள், இரவில் சன்னலருகே திறந்தபடி விடாமல் மூடிப் பையில் வைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறை அடிமூடியைக் கழற்றி விசிறியைச் சுத்தம் செய்யச் சொல்வதும் நல்லது. வாரண்டி நடப்பிலிருக்கும் இயந்திரம் என்றால் அந்த வேலையை நிறுவனப் பொறியாளரிடமே கொடுங்கள்; வெளியாள் கழற்றும்போது ஏற்படும் சேதத்தை நிறுவனம் ஏற்காது.

பில்லையும், வரிசை எண் தெரியும்படி அடிப்பக்கத்தை எடுத்த படத்தையும் உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்னதாகக் கைப்பேசி நாட்காட்டியில் நினைவூட்டலும் போட்டுவிடுங்கள். வாரண்டியை நீட்டிக்க விரும்பினால், பெரும்பாலும் அது முடிவதற்குள் பணம் கட்டியாக வேண்டும்.